ஃபில்டரில் வைத்த பொட்டு

ஷோரூமிலிருந்து வந்தவர் நேற்று உங்கள் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, மடியில் ஒரு பளபளப்பான ஃபைல். நாற்காலி எடுத்துவர நான் உள்ளே போன நேரத்தில், லாரிக்குப் பக்கத்தில் கிடந்த கருங்கல் வசதியாகத் தெரிந்திருக்கிறது. "அதுல உக்காராதீங்க தம்பி, எழுந்திருங்க" என்றேன். சாமிக்கல்லோ என்று பதறி எழுந்து தொட்டுக் கும்பிட்டார். கும்பிட்டால் கும்பிடட்டும், உங்களுக்கும் சேர்ந்த மாதிரி ஆயிற்று.

அவர் எதற்கு வந்தார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதே ஏ.எம்.சி. ஒப்பந்தம். வருடத்துக்கு ஒரு முறை முன்பணம் கட்டிவிட்டால் ஆயில், ஃபில்டர், கிரீஸ் எல்லாம் அவர்கள் பாடு, நாம் காலை நீட்டிக்கொண்டு தூங்கலாம் என்கிற அதே காகிதம். ஃபைலின் மேலட்டையில் ஒரு குடும்பம் லாரிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அந்தப் பெண் கட்டியிருக்கும் வெள்ளைப் புடவையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவள் ஜென்மத்தில் லாரியைத் தொட்டதில்லை.

ஆனால் இந்த முறை சிரித்துவிட்டு அனுப்ப முடியாதபடி ஒரு சிக்கல். போன வாரம் ஆரணி ரைஸ் மில் மேனேஜர் கூப்பிட்டிருந்தார். நமக்கு லோடு தருகிற ஒரே இடம் அதுதான். "யம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவரு இருந்தாரு, நம்பி லோடு ஏத்தனேன். இப்ப நீங்க தனியா, டிரைவரும் புதுசு. கம்பெனி சர்வீஸ் பேப்பர் ஒண்ணு இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும். இல்லன்னா வேற வண்டிதான் பாக்கணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் கோபம் ஜாஸ்தி வந்தது. நீங்கள் இருந்தபோது வண்டிக்கு அடியில் போனது யார் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் முழங்கையில் கிரீஸ் இருந்ததைப் பார்த்தார், என் புடவையில் இருந்ததை யார் பார்த்தார்கள்?

வண்டி வாங்கிய புதிதில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். எனக்கும் அப்போது அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சர்வீஸுக்குப் போன வண்டி கழுவித் துடைத்து, உள்ளே ஏதோ செண்டு அடித்து, கல்யாணப் பெண்ணைப் போல் வந்து நிற்கும். கூடவே ஒரு தாள், எல்லாக் கட்டத்திலும் டிக். நீங்கள் அந்தத் தாளை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிவீர்கள்.

அப்புறம் அந்த ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக்கி, ஸ்டியரிங், பேட்டரி என்று உழைக்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், குனிந்து வண்டிக்கு அடியில் போய் ஆயில் ஃபில்டரின் அடிப்பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்தேன். நீங்கள் வெளியே நின்று கேலி செய்தீர்கள். "அங்க வச்சா எவன் பாக்கப் போறான்?"

"அதுவும் வேலை செய்யுதில்ல?" என்றேன்.

அடுத்த வாரமே வண்டி சர்வீஸுக்குப் போனது. செண்டு வாசனையோடு திரும்பியது. தாளில் ஆயில் ஃபில்டர் மாற்றியதாக டிக். எனக்கு என்ன தோன்றியதோ, புடவையைச் செருகிக்கொண்டு அடியில் எட்டிப் பார்த்தேன். நான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. சந்தனம் கொஞ்சம் கருத்திருந்தது, குங்குமம் அசையவில்லை.

நீங்கள் நம்பவில்லை. நீங்களே குனிந்து பார்த்தீர்கள். பார்த்த பிறகும் "விடு, எதுக்கு வம்பு" என்றீர்கள். உங்களுக்குச் சண்டை என்றாலே காய்ச்சல். நான்தான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன், வண்டியை எடுங்கள் என்றேன். நேரே சர்வீஸ் சென்டருக்கு விட்டீர்கள்.

அங்கிருந்த சூப்பர்வைசர் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. "மேடம், அது புது ஃபில்டர்தான். பூஜை சமயம் இல்லீங்களா, எங்க ஆளுங்க பக்தியா பொட்டு வச்சிருப்பாங்க."

"அப்படியா? எல்லா வண்டிக்கும் வச்சிருப்பாங்க இல்ல? வாங்க, அந்த வண்டியக் காட்டுங்க" என்று பக்கத்தில் நின்ற லாரிக்கு அடியில் நானே குனிந்தேன். பொட்டு இல்லை. அதற்கடுத்த வண்டியிலும் இல்லை. "நம்ம வண்டி மேல மட்டும் என்னங்க அவ்ளோ பக்தி?" என்றேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீங்களோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, திருடியவரே நீங்கள்தான் என்பதுபோல நின்றீர்கள். எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று உள்ளே கொதித்தது.

திரும்பி வரும்போது அவலூர்பேட்டை ரோடு திரும்புகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். தண்ணீர் குடித்தீர்கள். "இனிமே நம்மளே பாத்துக்கலாம்" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று சண்டை போட்டது நான், முடிவெடுத்தது நீங்கள். அதற்கு மட்டும் உங்களுக்கு ஒரு கும்பிடு.

நமக்கு என்ன தெரியும் அப்போது? முதல் தடவை ஆயில் மாற்றியபோது ஆயில் வடிக்கிற போல்ட்டுக்கு அடியில் வரும் செம்பு வாஷரைப் போட மறந்தோம். காலையில் பார்த்தால் ஆயில் ஒழுகி, பள்ளத்தில் இறங்கி, நம் வாசல் கோலத்தின் மேல் வந்து நின்றிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கறுப்புக் கலர்ல கோலமா?" என்றார். நீங்கள் என்னைச் சொன்னீர்கள், நான் உங்களைச் சொன்னேன், வாஷர் உங்கள் சட்டைப் பையில் இருந்தது.

ஃபில்டர் இருக்கிற இடுக்கில் உங்கள் கை நுழையாது. அதனால் அது என் வேலையாகிவிட்டது. கிரீஸ் அடிப்பது உங்களுக்கு. மற்றவர்கள் எல்லாம் லாரி சும்மா நிற்கிற நாளாகப் பார்த்துத் திண்டாடுவார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லை, பௌர்ணமி இருக்கிறதே. வேங்கிக்காலில் இருக்கிறவர்கள் கிரிவலப் பௌர்ணமியன்று லாரியை எங்கே எடுப்பது? ரோடெல்லாம் ஜனம், போலீஸ் தடுப்பு, திடீர் பஸ் ஸ்டாண்டு. அன்று வண்டி நிற்கத்தான் வேண்டும், ஆகவே அன்றுதான் சர்வீஸ். ஊரே மலையைச் சுற்றும், நாம் லாரியைச் சுற்றுவோம். சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு வந்த உங்கள் பெரியம்மா, அண்ணாமலையார் காலடியில் குடியிருந்துகொண்டு பௌர்ணமியில் லாரிக்குக் கீழே படுத்திருக்கிறீர்களே என்று திட்டினார். "அவரு கோச்சிக்க மாட்டாரு பெரிம்மா, பாரம் ஏத்தறவன் கஷ்டம் அவருக்குத் தெரியும்" என்று நீங்கள் சொன்னீர்கள்.

நான் அடியில் போகுமுன் உங்கள் சடங்கு ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும், கியரிலும் இருக்கும். போதாது உங்களுக்கு. இரண்டு கருங்கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று முட்டுக் கொடுப்பீர்கள். காலால் உதைத்துப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகுதான் குரல் வரும்: "கல்லு வச்சாச்சு. உள்ள போ." அவசரத்தில் ஒரு நாள் நான் முந்திக்கொண்டு போய்விட்டேன் என்று என் காலைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். முதுகு சிராய்த்துவிட்டது.

அப்படிப்பட்ட நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடம் என்ன கேட்டீர்கள்? "நான் இல்லன்னா வண்டிய கம்பெனிலயே விட்டுடு. பணத்தக் கட்டிடு, அவன் பாத்துப்பான். நீ அடியில போவாத."

"போவேன்."

"சொன்னா கேளு."

"கேக்க மாட்டேன்."

நர்ஸ் என்னை முறைத்துப் பார்த்தார். சாகக் கிடக்கிற மனுஷனோடு சண்டை போடுகிறாளே என்று நினைத்திருப்பார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. உங்களிடம் பொய் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு இஷ்டமில்லை. இப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

நேற்று வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, கையெழுத்துப் போடறேன். ஃபில்டர்ல பொட்டு வச்சு அனுப்புவேன். அதக் கழட்டும்போது நான் பக்கத்துல நிக்கணும். முடியுமா?"

"கஸ்டமர்ஸ ஒர்க்‌ஷாப் உள்ள விடமாட்டாங்க மேடம். வெளிய ஏ.சி. ரூம் இருக்கு. காபி குடுப்பாங்க, டிவி பாக்கலாம்."

"டிவி என் வீட்லயே இருக்கு தம்பி." காபி மட்டும் கொடுத்து அனுப்பினேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் காகிதம் வேண்டியிருக்கலாம். எனக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற கோளாறு வந்தால் நேரே டீசல் பம்ப் ரிப்பேர் பார்க்கிற பாய் கடைக்குத்தான் போகிறேன். அவர் என்னைப் பக்கத்தில் நிற்க விடுகிறார், கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார். அது போதும்.

ஷோரூம்காரர் போனதும் மில் மேனேஜருக்கு நானே போன் போட்டேன். கம்பெனிப் பேப்பர் வராது என்றேன். பொட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரிம்மா, பொங்கல் வரைக்கும் பாக்கறேன். லோடோட ஒரு வாட்டி ரோட்டுல நின்னுச்சுன்னா அப்பறம் என்னக் கேக்காதீங்க" என்றார்.

"நிக்காதுங்க" என்றேன்.

போனை வைத்த கையோடு போய் ஆயில் கேனைத் தூக்கிப் பார்த்தேன். பயமில்லை என்று உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நின்றுவிட்டால் லோடு போச்சு; லோடு இல்லாவிட்டால் வண்டியும் இல்லை, வாசலும் இல்லை. ஆனால் என் கை பட்ட வண்டி நின்றால் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை நம்பி நின்றால், ஏ.சி. ரூமில் உட்கார்ந்து டிவி பார்த்தது மட்டும்தான் தெரியும்.

இன்று பௌர்ணமி. காலையிலேயே கூட்டம் ஆரம்பித்துவிட்டது, மைக்கில் காணாமல் போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆயில் மாற்றுகிற முறை வந்திருக்கிறது. புது ஃபில்டர் வாங்கி, பொட்டும் வைத்துவிட்டேன். டிரைவர் வரத் தாமதமாகும், ஆகவே கல் இரண்டையும் நானே உருட்டிக்கொண்டு வந்தேன். உங்களைப் போலத் தூக்க முடியவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் என்மேல் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று போர்வையை இழுத்துவிட்டேன். அப்போது திரும்பாமலே சொன்னீர்கள்: "சரி. போனா, கல்லு வச்சுட்டுப் போ."

சக்கரத்துக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. உதைத்தும் பார்த்துவிட்டேன்.

கல்லு வச்சாச்சு. உள்ள போறேன்.