முக்கொம்புக்குப் போன கார்

ஞாயிறு, இரவு.

ஏழு பேர் உட்காரும் கார் என்றால் எட்டாவது ஆள் வரத்தான் செய்வார். முக்கொம்பு அணைக்குப் போகக் காலையில் பொன்மலையிலிருந்து எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்த அண்ணன், கேட்காமலே முன் சீட்டில் ஏறினார். அண்ணி, அவர்கள் மகன், மருமகள், மருமகளின் அம்மா என்று பின்னால் நிறைந்துவிட்டது. மீதி ஓர் இடத்தில் என் மகள்.

"இடம் பத்தலையேம்மா. நீ பஸ்ஸுல வந்துடு," என்றார் அண்ணன், என் மனைவியிடம். நான் கார் வாங்கியபோது, "உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று சிரித்தவர். நான் காரைக் கிளப்பினேன்.

முக்கொம்பில் அவள் வந்து சேர்ந்ததும், "கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. ஜன்னல் சீட்டு கிடைச்சுது. நம்ம கார்ல ஒரு நாளும் கிடைச்சதில்ல."

திரும்பும்போது மகளும் அவளோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிட்டாள். நான் அண்ணன் குடும்பத்தைப் பொன்மலையில் இறக்கிவிட்டு, காலிக் காரோடு வீடு வந்தேன்.