நைனாவைக் கடலில் கரைக்கவில்லை

அன்பு நைனா,

உன் கப்பல்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. வேறெதையும் சொல்வதற்கு முன் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அன்று ஆக்சிஜன் முகமூடியைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? "கண்ணு, என்னெ கடல்ல கரைக்காதே. உங்கம்மா பக்கத்துல மண்ணுல வெச்சுடு" என்றாய். ஏன் என்று கேட்டேன். எழுபத்தொன்று யுத்தத்தில் உன் கப்பல் மூழ்கியதும், நீ நீந்திப் பிழைத்ததும் எனக்குத் தெரியாததா? முன்னாள் கடற்படை வீரர்கள் சங்கக் கூட்டங்களில் நீ மைக் பிடித்து அதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டி வளர்ந்தவள் நான்.

அன்று நீ சொன்னது வேறு. "கூட இருந்தவனுங்க தண்ணில பேர் சொல்லிக் கூப்டுக்கினே இருந்தானுங்க. ஒவ்வொரு குரலா அடங்கிச்சு. இன்னும் காதுல கீது. அந்தத் தண்ணிக்கு நான் திரும்பப் போவ மாட்டேன்." சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாய். "ராஜமாணிக்கத்துக்குத் தெரிய வேணாம். பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்குவான்" என்றாய், உங்கள் சங்கத் தலைவரை நினைத்து.

சரி என்று தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறேன் என்று அப்போது புரியவில்லை.

உங்கள் சங்கத்தில் யார் இறந்தாலும் காசிமேட்டில் படகெடுத்துப் போய் அஸ்தியைக் கடலில் விடுவதுதான் வழக்கம். எத்தனை பேருக்கு நீயே முன்னால் நின்று செய்தாய்! அந்தப் படகில் எப்படி உட்கார்ந்திருந்தாய், நைனா?

இடுகாட்டில் புதைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டதால் உன்னை எரிக்க வேண்டியதாயிற்று. அஸ்தியை வீட்டுக்கு வாங்கி வந்த அன்றே, நசரத்பேட்டையிலிருந்து ராஜமாணிக்கம் மாமா உன் தோழர்களோடு வந்துவிட்டார். எல்லோரும் வெள்ளை உடுப்பில், மார்பில் மெடலோடு. சங்கத் தலைவராக இல்லை, கூடப் பிறந்தவரைப் போல அழுதார்.

"கெளம்பும்மா அமுதா. படகு சொல்லி வெச்சிகீறோம்."

"வேணாம் மாமா. நைனாவை அம்மா பக்கத்துல வைக்கப்போறேன்."

"இன்னாம்மா பேசுறே? அவன் கடல்காரன். எங்காளுங்க அங்கதான் கீறானுங்க. அவனை மட்டும் தனியா மண்ணுல போடுவியா? யார் சொன்னது?"

யார் சொன்னது என்று நான் எப்படிச் சொல்வேன்? "எனக்குத்தான் இஷ்டமில்லை" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "ஐம்பது வருஷம் எங்களோட இருந்தவன். உனுக்கு இஷ்டமில்லியா?" கொண்டுவந்த மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நாற்காலியில் வைத்தார். போட்டு வைத்த காபியை ஒருவரும் தொடவில்லை. உனக்குப் பதிலாக என்னைச் சேர்த்திருந்த சங்கத்து வாட்ஸாப் குழுவிலிருந்து அன்றைக்கே என்னை நீக்கிவிட்டார்கள்.

அம்மா சமாதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி உன் அஸ்தியை வைத்தேன். நீ கேட்டதைச் செய்துவிட்ட நிம்மதி ஏன் எனக்கு வரவில்லை? உன் தோழர்கள் கண்ணில் நான் உன்னைத் திருடியவளாகிவிட்டேன்.

போன வாரம் வேப்பம்பட்டிலிருந்து தேவராஜ் மாமா வந்தார். உன்னோடு தண்ணீரில் கிடந்தவர்களில் இன்று மிச்சமிருப்பவர்கள் ராஜமாணிக்கம் மாமாவும் அவரும்தான். ரயிலேறித் தனியாக வந்திருந்தார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "உங்கப்பன்தானே வேணாம்னான்?"

நான் காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நீ சொல்ல வேணாம்மா. என் பையங்கிட்ட மட்டும் பேசு. என்னையும் கடல்ல போட வேணாம்னு சொல்லு. எனுக்கு வாய் வர மாட்டேங்குது."

"மாமா, இத சங்கத்துலயே சொல்லலாமே?"

"ராஜமாணிக்கம் இன்னா நெனப்பான்?"

நைனா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பெயர், அதே பயம். ஒருவேளை ராஜமாணிக்கம் மாமாவும் உங்கள் இருவருக்கும் பயந்துகொண்டுதான் படகேறுகிறாரா? வருஷா வருஷம் கூடினீர்களே, ஒருவர் முன் ஒருவர் அழாமல் இருக்கத்தான் கூடினீர்களா?

நீ என்னிடம் வாங்கிய வாக்கைப் பற்றித் தேவராஜ் மாமாவிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் கேட்கும்படி உனக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "எழுது. என் பேரையும் போட்டு எழுது" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

அதனால் எழுதுகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். கோபப்படு, நைனா. நீ கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். இன்னொரு கிழவர் பயந்துகொண்டே சாவதைத் தாங்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தேவராஜ் மாமா இதை வாசிப்பார். கூப்பிடாவிட்டாலும் நான் போவேன். ராஜமாணிக்கம் மாமா எழுந்து வெளியே போனால் பின்னாலேயே போவேன். திட்டினால் நின்று வாங்கிக்கொள்வேன். என்ன நடந்தாலும் அன்று சாயங்காலமே உன்னிடம் வந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன்.

உன் ஒரே பொண்ணு,
அமுதா
பருத்திப்பட்டு