பதினேழு வரை எண்ணுதல்

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் பேச்சுப் பயிற்சி பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு நின்றுபோனது. திரையில் பயிற்சியாளரின் வாய் பாதி திறந்தபடி உறைந்துவிட்டது. அதுவும் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்து இவளும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். இணைப்பு போய்விட்டது என்று நான் சொன்ன பிறகுதான் மூடினாள். பிறகு சிரித்தாள்.

பக்கவாதம் வந்து நான்கு மாதம். நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் சொல் இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று: “சரிதான்.” தண்ணீர் வேண்டும் என்றாலும் சரிதான், வேண்டாம் என்றாலும் சரிதான். ராகத்தை வைத்து நான் கண்டுபிடிக்க வேண்டும். பாதி நேரம் தவறாகத்தான் கண்டுபிடிக்கிறேன்.

இன்று ஒரு நல்ல சேதியும் உண்டு. வரிசையாக எண்ண வைத்தால் அவளுக்கு எண்கள் வருகின்றன. எத்தனை விரல் என்று கேட்டால் நேராக ‘நாலு’ வராது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று படியேறிப் போய் நாலில் நிற்கிறாள். ஆனால் அவள் மூன்றில் இருக்கும்போதே நான் “நாலு” என்று சொல்லிவிட்டேன்.

“முந்தாதீங்க சார். அவங்க வந்து சேருவாங்க” என்றார் பயிற்சியாளர். என் மகனைவிடச் சின்னப் பெண். என் காது சிவந்துவிட்டது.

மாலை நான்கு மணி. கையேட்டின் பத்தொன்பதாம் பக்கம்: கோளாறு நீடித்தால் ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியை நுழைத்துப் பத்து விநாடி அழுத்தவும். கைக்கடிகாரத்தைப் பார்த்து, மிகச் சரியாகப் பத்து விநாடி அழுத்தினேன். இருபதாம் பக்கத்தைப் பிறகுதான் புரட்டினேன். இவ்வாறு செய்தால் எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும் என்று அங்கே போட்டிருக்கிறது.

அதை ஏன் பத்தொன்பதாம் பக்கத்தில் போடவில்லை? நான் ஏன் இருபதாம் பக்கத்தை முதலில் படிக்கவில்லை?

மார்ச் 4, புதன்

காலையிலிருந்து அட்டவணை. கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்களை எழுத வைத்த அதே மூன்று பத்திகள்: செய்தது, கண்டது, அறிவது.

மின்சாரத்தை அணைத்துப் போட்டேன் — முதல் விளக்கு பச்சை, இரண்டாவது பச்சை, மூன்றாவது சிவப்பு. கம்பியைக் கழற்றி மாட்டினேன் — அதே. சுவரில் வேறு இணைப்புமுனை — அதே. மடிக்கணினியைக் கம்பியால் இணைத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்தேன் — இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. இரண்டு கட்டங்களும் காலி. ‘அறிவது’ என்ற பத்தியும் காலி.

வீட்டுத் தொலைபேசியில் மகன் கூப்பிட்டான். இணைப்பு போனதைச் சொன்னேன். விமானத்துக்கு நேரமாயிற்றாம், அடுத்த மாதம்தான் வர முடியுமாம். “நீங்க எதையாவது நோண்டிக்கிட்டு இருங்கப்பா, ஆனா ரீசெட் மட்டும் பண்ணிடாதீங்க” என்றான்.

“சரிப்பா” என்றேன்.

அவளிடம் கோளாறு நிறுவனத்தின் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். “சரிதான்” என்றாள். நம்பாத ராகம்.

மார்ச் 5, வியாழன்

இணைப்பு அவள் பெயரில் இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருடம் போன் எடுத்தவள் அவள். தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போகிறவன் நான்.

பயனர் பெயரும் பாஸ்வேர்டும் நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த கடிதம். ‘படித்தபின் அழித்துவிடவும்’ என்று அடியில் அச்சிட்டிருந்தது. அவள் படித்தாள். நான் அழித்தேன். எட்டாகக் கிழித்து, இரண்டு வெவ்வேறு குப்பைக் கூடைகளில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. அன்று அவள் சிரித்ததும்.

திருமண நாள், மகன் பிறந்த நாள், பழைய வீட்டு எண் — இருபத்து மூன்று முயற்சி. எல்லாம் சிவப்பு.

மார்ச் 6, வெள்ளி

வகுப்பு இல்லை. பத்து மணிக்கு அவள் பழக்கம்போலத் தலைவாரிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். பத்தரை வரை உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்றுக்குப் பயிற்சியாளர் கூப்பிட்டார். தொடர்ந்து மூன்று வகுப்பு விட்டுப்போனால் இடம் அடுத்தவருக்குப் போய்விடுமாம். நாற்பது பேர் காத்திருக்கிறார்களாம். “என் கையில இல்ல சார், ஆஸ்பத்திரி விதி. ஆனா இப்ப விட்டா கஷ்டம். முதல் ஆறு மாசந்தான் சார் வேகமா வரும்.”

தொலைபேசியிலேயே நடத்த முடியாதா என்று கேட்டேன். வாயசைவைப் பார்க்க வேண்டுமாம். கைப்பேசி அலை எங்கள் தரைத்தளத்துக்குள் வருவதே இல்லை. ‘ஹலோ’ சொல்லவே தெருவுக்குப் போக வேண்டும். அவளைத் தெருவில் உட்கார வைத்துப் பேசப் பழக்க முடியுமா?

இன்று ஒன்று. செவ்வாய் வந்தால் இரண்டு. அடுத்த வெள்ளி மூன்று.

மார்ச் 7, சனி

நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதினேன். ‘வணக்கம்’ என்பதையும் எழுதினேன். கூப்பிடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று எழுதியதைத் திருத்திப் படியெடுத்தேன். அவ்வளவுதான் இன்றைய சாதனை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த நடையை அளந்தால் பக்கத்து ஊர் வந்திருக்கும். ரவுட்டரைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறேன். பார்த்தால் மாறிவிடுமா?

மார்ச் 9, திங்கள்

கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, இசை, முப்பத்தெட்டு நிமிடம். பிறகு ஒரு பெண் குரல். தாளில் இருந்ததைப் படித்தேன். படிக்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

“புது பாஸ்வேர்ட் தரலாம் சார். கணக்கு மேடம் பேர்ல இருக்கு. போனை அவங்ககிட்ட குடுங்க.”

“அவங்களால பேச முடியாதும்மா. பக்கவாதம்.”

“அடடா. சாரி சார்.” உண்மையாகவே வருந்தினாள் என்றுதான் நினைக்கிறேன். “பிறந்த தேதியும் மாசமும் அவங்க வாயால சொல்லணும் சார். இல்லைன்னா டாக்டர் சர்டிபிகேட், ஒரு கடிதம், எல்லாம் தபால்ல அனுப்புங்க. பத்து வேலை நாள்ல முடிச்சுடலாம்.”

பத்து வேலை நாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு நன்றி சொன்னேன்?

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு.

மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் வந்தார். ரவுட்டரை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். “உள்ள ஒண்ணும் உடையல வாத்தியாரே” என்றார். அவர் வீட்டு இணைப்பைக் கடன் கேட்கலாம் என்று மூன்று நாளாக யோசித்து, ஒருவழியாகக் கேட்டேன். “பொண்ணு கல்யாணமாகிப் போனதும் அதை எடுத்தாச்சே. எங்களுக்கு எதுக்கு?”

நிறுவனம் சொன்னதைச் சொன்னேன்.

“பொம்பளக் குரல்தானே வேணும்? நம்ம வீட்டுக்காரி எதுக்கு இருக்கா? வண்டி நம்பர் கேட்டாக்கூட தைரியமா ஒரு நம்பர் சொல்லுவா.”

தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுகள், பார்க்காத நிறத்தைப் பார்த்ததாக எழுதாதே என்று பையன்களைத் திட்டியவன்.

மார்ச் 11, புதன்

யோசித்து, சரி என்றேன். எழுதவே கூசுகிறது.

ஓட்டுநரின் மனைவி நான்கு மணிக்குக் கீழே வந்தார். என் மனைவி படுக்கையறையில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். கூடத்தில் மெதுவான குரலில் ஒத்திகை. ஓட்டுநர்தான் நிறுவனத்தார்.

“உங்க பிறந்த தேதி என்ன மேடம்?”

“பதினாறு.”

“பதினேழுடி.”

“ஆங், பதினேழு. அண்ணே, பொய் சொன்னா எனக்குத் தொண்டை அடைக்கும். முதல்லயே சொல்லிட்டேன்.”

“என் பஸ்ல டிக்கெட் இல்லாம வந்துட்டு, செக்கர்கிட்ட எனக்கு ஓசின்னு சொன்னப்ப அடைக்கலையே?”

“அது உங்களைக் காப்பாத்தச் சொன்னது. மாசம் என்னண்ணே? செப்டம்பரா? எந்த செப்டம்பர்?”

“எந்த செப்டம்பரா? வருசத்துக்கு ஒண்ணுதான்டி வரும்.”

அப்போது படுக்கையறையிலிருந்து, “சரிதான்.”

அந்த ராகத்தை நான் இதுவரை கேட்டதில்லை. அவள் ஊன்றி நடக்கும் நடைச்சட்டம் தரையில் இடிக்கும் சத்தம். ஒரு இடி, காலை இழுக்கும் ஓசை, ஒரு இடி. கூடத்தைக் கடக்க நான்கு நிமிடம் ஆயிற்று. உதவப் போன என்னை இடது கையால் தள்ளினாள். வந்து தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

ஓட்டுநரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். “அக்கா, நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“எப்ப சொன்ன?” என்றார் ஓட்டுநர்.

அவர்கள் போன பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துளை, ஊசி, பத்து விநாடி, இருபதாம் பக்கம், மகனிடம் சொன்ன “சரிப்பா”. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நிமிர்ந்தால் அவள் தோள் குலுங்குகிறது. அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிப்பு. ஒரு கையை உயர்த்தி, எதையோ எட்டாகக் கிழிப்பதுபோல் காற்றில் காட்டினாள்.

மார்ச் 12, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரைப் போட்டேன். இருபத்தொரு நிமிடம் இசை. இந்த முறை ஒரு ஆண் குரல். தாள் இல்லாமல் பேசினேன். தாளை எடுக்க மறந்துவிட்டேன்.

“என் மனைவிக்கு நேரா பதில் வராது. எண்ணி எண்ணித்தான் வருவாங்க. கொஞ்சம் காத்திருக்க முடியுமா தம்பி?”

“காத்திருக்கேன் சார். ஆனா நீங்க எடுத்துக்குடுக்கக் கூடாது. பக்கத்துல சொல்ற குரல் கேட்டா நான் கட் பண்ணியாகணும். ரெக்கார்ட் ஆகுது.” பிறகு, “மேடம், நீங்க பிறந்த தேதி?”

“ஒண்ணு” என்றாள். “ரெண்டு. மூணு.”

“மூணாம் தேதிங்களா மேடம்?”

பதில் சொல்ல என் வாய் திறந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டேன்.

“நாலு. அஞ்சு.” அவன் புரிந்துகொண்டுவிட்டான். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் பின்னால் இருந்த அலுவலகத்தின் இரைச்சல் மட்டும். பதினொன்று வரை ஓடினாள். பன்னிரண்டில் நின்றாள். உதடு கூடுகிறது, பிரிகிறது, வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் விரிசல் இருப்பது இன்றுதான் தெரிந்தது. “பன்னெண்டு.” பிறகு தடையில்லை. “பதினாறு. பதினேழு.” அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

“நன்றி மேடம். மாசம்?”

இதற்கு நாங்கள் தயார் செய்யவில்லை. நேற்று மாலை முழுவதும் பதினேழையே பழகினோம். மாதத்துக்கும் எண்ணினால் ஒன்பது வரும் என்று அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான்தான், வேறு யார்? எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஜனவரி” என்றாள்.

நான்கு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சொல். பயிற்சியாளரும் கேட்டிருக்க மாட்டார். “பிப்ரவரி. மார்ச்.” ஒவ்வொரு மாதமாக நடந்தாள். ஜூனில் நின்றுவிட்டாள். வெகுநேரம். ஜூலை என் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. கையை எடுக்கவில்லை. எதிர்முனையிலும் மூச்சுச் சத்தம் இல்லை. போய்விட்டானா?

“ஜூலை.”

செப்டம்பருக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் வியர்த்திருந்தது. அவளுக்கு நெற்றியில். எனக்கு உள்ளங்கையில்.

“சரியா இருக்கு மேடம்” என்றான். “எழுதிக்குங்க.”

“சரிதான்” என்றாள்.

எழுதினேன். கட்டங்களில் அடித்தேன். சிவப்பு. பெரிய எழுத்து ஒன்றைச் சின்னதாக அடித்திருக்கிறேன். திருத்தினேன். மூன்றாவது விளக்கு அணைந்தது, மினுக்கியது, பச்சையாக நின்றது. ‘அறிவது’ பத்தியில் எழுதப் பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கடிதம் இல்லை, ஆகவே கிழிக்க ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டை இரண்டு தாளில் எழுதி, ஒன்றை அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

வகுப்பு நடந்தது. மாதங்களைச் சொல்லிக் காட்டினாள். பயிற்சியாளர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்து கிழமைகளாம்.

“சார் இன்னைக்கு ரொம்ப அமைதியா இருந்தீங்களே” என்றார். நிறுவனத்தின் விதி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மகனிடம் ரீசெட் செய்ததைச் சொன்னேன். அன்றே தெரியும் என்கிறான்.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தானாக நிற்கட்டும் என்று செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன். நின்றது. அவள் இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தியிருந்தாள்.

இணைய நிறுவனம். “மேடம், எங்க சேவைக்கு ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் போடணும்னா எவ்வளவு போடுவீங்க?”

எழுந்தேன். உட்கார்ந்தேன்.

“ஒண்ணு” என்றாள். “ரெண்டு.” நிறுத்தி, அலமாரி மேல் இருந்த ரவுட்டரை நிதானமாகப் பார்த்தாள். “மூணு.”

எதிர்முனை காத்திருந்தது. நாலு என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன்.

“மூணுதானா மேடம்?”

“சரிதான்” என்று சொல்லிவிட்டு அவளே வைத்தாள்.

நானாக இருந்தால் பயத்தில் ஐந்து கொடுத்திருப்பேன்.