வெற்றிலைக்கு அனுமதி

வியாழக்கிழமை இரவு, அம்பிட்டிய

படுத்துப் பார்த்தேன், தூங்க முடியவில்லை. மாரியம்மாவின் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்காரி. வாயில் புற்றுநோய். வார்டுக்கு வந்த அன்றே அவள் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை நான்தான் வாங்கி வீசினேன். இதை விட்டால்தான் சுகமாகும் என்று எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். அதன் பிறகு அவள் தொடவேயில்லை.

இன்று காலை பெரிய டொக்டர், இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அவளுக்குச் சிங்களம் விளங்காது. வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான்; நான்தான் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்குப் போகலாமாம் அக்கா." மருந்தால் பயனில்லை என்றதை விட்டுவிட்டேன்.

"வெத்தல போடலாமான்னு கேளுங்க மிஸ்."

கேட்டேன். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

"போடலாமாம்."

"அப்ப எனக்கு நல்லாயிருச்சு!" வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இல்லை என்று சொல்ல எந்தக் கடவுளும் எனக்குத் தைரியம் தரவில்லை. நாளை அழைத்துப்போக வரும் மகனிடம் எப்படிச் சொல்வேன்?

அவளோ பக்கத்துக் கட்டிலுக்கு நேற்று வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் வெத்தலைய விட்டுரு புள்ள. மிஸ் சொன்னத கேட்டேன், நல்லாயிட்டேன் பாரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உடனே மடியை அவிழ்த்துத் தன் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

வீசவில்லை. என் பையில்தான் இருக்கிறது. அறையெல்லாம் வெற்றிலை வாசம்.