அக்கா திருத்திய வாக்கியங்கள்

ஜூன் 3
கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து இடுப்பே போயிற்று. மாடியில் கடிதப் பிரிவில் இடம் காலியாம். எழுத்துத் தேர்வு உண்டு. ஆங்கிலச் சொற்றொடர்களைச் சரியாக வாக்கியத்தில் எழுத வேண்டும். இந்த வயதில் இது வேறு. பேர் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 5
‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ — எப்போதோ அபூர்வமாக. பேனாவை எடுத்ததுமே பழைய சாப்பாட்டு மேசை கண்முன் வந்து நிற்கிறது. பள்ளிக்கூட ஆங்கில வீட்டுப்பாடத்தோடு நானும் அக்காவும் எதிரெதிரே. வீட்டு ஆட்களை வைத்துத்தான் வாக்கியம் எழுத வேண்டும் என்பது அவள் சட்டம். அப்பா சிரிப்பது ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’தான் என்று ஒன்று எழுதினாள். அதைப் படித்துவிட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “போச்சு, வாக்கியம் தப்பாயிடுச்சு” என்று அவளுக்கு ஒரே கவலை. என்ன நாட்கள் அவை.

ஜூன் 6
எதற்கு அவளை நினைக்கிறேன்? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள். எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றாள். அன்றைக்கு நிறுத்திய பேச்சு. இரண்டு வருஷம் ஆகிறது.

ஜூன் 9
மகள் என் பயிற்சித் தாள்களைப் புரட்டினாள்.
“என்னம்மா, எதைப் பாத்தாலும் பெரியம்மாவே வர்றாங்க? அவங்க சகவாசமே வேண்டாம்னியே?”
“உன் வேலையைப் பாரு” என்றேன்.

ஜூன் 10
அந்தத் தாள்களைப் படம் பிடித்துப் பெரியம்மாவுக்கே அனுப்பிவிட்டாளாம், பாவி. என் மானமே போச்சு.

ஜூன் 11
அக்காவிடமிருந்து பதில். எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. ‘க்ரோக்கடைல் டியர்ஸ் வாக்கியம் தப்பு. உன் சைக்கிளை உடைச்ச அன்னிக்கு நான் நிஜமாத்தான் அழுதேன். முதலைக் கண்ணீர் இல்ல. மார்க் கிடையாது.’
திமிர் கொஞ்சமும் குறையவில்லை. சிரித்துவிட்டேன். அப்புறம் ஏன் கண் கலங்குகிறது — தெரியவில்லை. ‘மிச்சத்தையும் திருத்து’ என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 12
திருத்தியிருக்கிறாள். இரக்கமே கிடையாது.

ஜூன் 15
தேர்வு சுமார். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் அக்கா. இளைத்துப் போயிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.
“இத்தனை எழுதியிருக்கே. அம்மாவைப் பாக்க நான் வராததைப் பத்தி ஒரு வாக்கியம்கூட இல்லையேடி.”
“எழுத மனசு வரலக்கா.”
“அம்மாவை அப்படிப் படுக்கையில பாக்கப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”
அழுதாள். நானும்தான். பிறகு காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்று அதற்கும் திட்டினாள். நாளைக்கே கிளம்புகிறாளாம். விட்டால்தானே.