பங்கஜம் அத்தைக்கு மாலை

12.6.2001
மாமல்லபுரம் பங்களாவில் இன்றும் மாடிப்படியில் உருண்டேன். சீரியலில் நான் கதாநாயகியின் அத்தை, பங்கஜம். அத்தை விழுந்தால்தான் யூனிட்டே சிரிக்கும். "உங்கள மாதிரி விழ ஆளே இல்லக்கா" என்றார் டைரக்டர் வாசுதேவன். சந்தோஷம்தான். வயிறுதான் வலிக்கிறது.

20.6.2001
கர்ப்பப்பையில் கட்டியாம். எடுத்தே ஆகவேண்டுமாம். அப்புறம் குதிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. "விழலாமா?" என்றேன். டாக்டரம்மா ஜோக் என்று சிரித்தார். விழாத என்னைப் பார்த்து எவன் சிரிப்பான்?

2.7.2001
ஆபரேஷன் ஆயிற்று. தும்மவே பயம்.

16.7.2001
டிவி போட்டால் பங்கஜம் அத்தை செத்துவிட்டாள்! சுவரில் என் படம், குங்குமம், பிளாஸ்டிக் மாலை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடிகை வராவிட்டால் சீரியலில் இப்படித்தான் முடிப்பார்கள். மற்றவர்களுக்குச் செய்தபோது நானும் சிரித்திருக்கிறேன். இன்று அழுகை தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுக் கத்தினார்: "உசுரோட கீறவளுக்கு இன்னாத்துக்குடா மாலை?"

17.7.2001
பக்கத்து வீட்டு சம்பூர்ணம் காலையிலேயே வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ராவெல்லாம் தூக்கமே வர்லக்கா. நல்லாத்தான கீற?" சிரித்துவிட்டேன். தையல் உயிரை வாங்கியது.

9.8.2001
அழுதது போதும். வாசுதேவனுக்குப் போன் போட்டேன். "செத்தவ படத்துலருந்து முறைக்கக் கூடாதா சார்? உக்காந்தே நடிக்கிறேன். விழ வேணாம்." "சனிக்கிழமை வர்றீங்களாக்கா?" என்றார்.
வீட்டுக்காரரோடுதான் சண்டை. "நீயே மாலைய மாட்டிக்கினு குந்தப் போறியா? பேஜாரு புடிச்ச பொழப்பு!" சாப்பிடாமலேயே கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

11.8.2001
கண்ணாடி இல்லாத பெரிய போட்டோ சட்டம். அதன் பின்னால் நாற்காலியில் நான். மாலை கழுத்தை அறுக்கிறது, சொறியவும் முடியாது. கதாநாயகி, "அத்தை மேல சத்தியமா" என்று பொய் சொன்னாள். கண்ணை மட்டும் மெல்ல அவள் பக்கம் திருப்பினேன். யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். திடீரென்று ஏணி மேலிருந்த லைட்மேன் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லோரும். கேமராவே ஆடிப்போய் ரீடேக்! "அத்தை படம் இனிமே சுவத்துலயே இருக்கட்டும்" என்றார் வாசுதேவன்.

27.8.2001
ஒளிபரப்பு. வீட்டுக்காரர் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். டிவியில் நான் கண்ணைத் திருப்பினேன். பேப்பர் குலுங்கியது. இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

28.8.2001
விடிந்ததும் எங்கேயோ போய்விட்டு வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் கட்டிய சாமந்தி மாலை.
"அந்த பிளாஸ்டிக்கு கழுத்த அறுக்குதுன்னியே" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
டிபன் பையோடு அதையும் எடுத்துக்கொண்டு ஷூட்டிங்குக்குக் கிளம்பினேன்.