திரைச்சீலை மட்டும் என் அதிகாரத்தில்

அன்புள்ள டீச்சருக்கு,

நம் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தைப் பொருத்தும் வேலை நேற்று முடிந்துவிட்டது. தலைமை மருத்துவரே போன் செய்து சொன்னார். நானும் நேரில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் ஊர் திரும்ப இப்போதே பெட்டியைக் கட்டிவிடாதே. அதை இயக்க இன்னும் ஆள் இல்லை.

இயந்திரம் மத்திய அரசு கொடுத்தது. டெக்னீஷியனை நியமிக்க வேண்டியது மாநில அரசு. நான் தலைவராக இருக்கும் மாவட்டக் கவுன்சிலுக்குச் சொந்தம் அந்த அறையும் நான்கு சுவரும்தான்.

எங்கள் நிதியிலேயே தற்காலிகமாக ஒருவரை அமர்த்தலாம் என்று போன மாதம் தீர்மானம் கொண்டுவந்தேன். எதிர்க்கட்சிக்காரர்கூட மேசையைத் தட்டினார். மறுநாளே மாநிலத் தணிக்கை அதிகாரி வந்து, "தலைவரே, உங்க மனசு பெரிசு, அதிகாரம் அவ்வளவு பெரிசு இல்லையே" என்று நிறுத்திவிட்டார். அவர்மேல் தப்பில்லை. சட்டத்தை நானும் படித்துப் பார்த்தேன்.

தலைநகரம் வரை போனேன். இயந்திரத்தை இயக்க மத்திய அரசின் அனுமதி வந்தால் ஆள் போடுவோம் என்கிறது மாநிலம். ஆள் போட்டால்தான் அனுமதி என்கிறது மத்திய அலுவலகம். இரண்டு இடத்திலும் நல்ல காபி கொடுத்தார்கள்.

உன் தம்பி போனில், "கார்ல கொடி கட்டிக்கிட்டுப் போறீங்களே மச்சான், ஒரு ஆளைப் போட முடியலையா?" என்று கேட்டான். சிரித்து மழுப்பினேன். உன்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் அங்கே டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவன், கேட்க அவனுக்கு உரிமை உண்டு. வேலை மாற்றலாகி முப்பதாம் தேதி வீட்டைக் காலி செய்கிறானாம். அதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அறைக்குத் திரைச்சீலை போடுவது எங்கள் அதிகாரத்தில் வருகிறது. உனக்குப் பிடித்த வெளிர்பச்சையில் தைக்கச் சொன்னேன். அளவெடுக்க வந்த தையல்காரர், யாருக்கு என்று கேட்டார். பொதுமக்களுக்கு என்றேன்.

டெக்னீஷியன் நியமனக் கோப்பு வரும் பன்னிரண்டாம் தேதி மாநில நிதிக் குழு முன் வைக்கப்படும். குழுச் செயலர் எழுத்துமூலம் உறுதி தந்திருக்கிறார், வைப்பதற்கு மட்டும். முடிவு என்றைக்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அதுவரை அங்கே டயாலிசிஸை ஒரு முறைகூடத் தவறவிடாதே. தண்ணீரை அளந்து குடி. கோபம் வந்தால் என்னைத் திட்டு. அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். நீ நன்றாக இருக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் வந்துவிடுகிறேன், ஏதாவது ஒரு பதிலோடு.

என்றும் உன்,
'வெறும் தலைவர்'